சனிக்கிழமைக் காராமணி

அத்தியாயம் 9

மூடியைத் திறந்ததும் ஈபோ நாலடி பின்னால் போய்விட்டான்.

"மேடம், நீங்க குடுக்கிற சம்பளத்துக்கு நான் பைக்தான் ஓட்டணும். இதெல்லாம் கணக்குல வராது."

"உனக்குப் பல்லுதானே வலிக்குது? மூக்கு நல்லாத்தானே இருக்கு. கிட்ட வா."

ஈபோ ஒரு கையால் வீங்கிய கன்னத்தையும் இன்னொரு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு வந்தான். பிராகோ மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள்.

பெயிண்ட் வாளி. அதில் பாதி அளவுக்கு, செவ்வாய்க்கிழமை மாலை அஜேய் பாடு எடுத்த வாந்தி. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இந்த மூன்று நாளும் அது மாமே தாவியாவின் படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில், தடயமாகப் பத்திரப்படுத்தப்பட்டிருந்தது. கானா நாட்டு டெச்சிமான் நகரசபையில் முப்பது வருஷம் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தவள் பிராகோ. வீடு வீடாகப் புகுந்து சாக்கடையையும் கக்கூசையும் பார்த்து ஓய்வுபெற்று, பிறகு துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். மனிதர்கள் எதையும் நாறுகிற இடத்தில்தான் ஒளித்து வைப்பார்கள் என்பது அவள் கண்ட உண்மை. ஆனால் முப்பது வருஷத்தில் அருவருப்பு மட்டும் பழகவே இல்லை.

"நல்லாப் பாருங்க இன்ஸ்பெக்டரம்மா" என்றாள் மாமே தாவியா. அஜேய் பாடுவின் அக்கா. பிராகோவை வேலைக்கு அமர்த்தியவளும் அவள்தான். "அந்த ஃபோஃபியே, கட்டின பொண்டாட்டி, என் தம்பிக்குச் சூப்புல விஷம் வெச்சா. ரெண்டு வாய்தான் சாப்பிட்டான். உடனே இத்தனையும் கக்கிட்டான். அன்னையிலேருந்து ஆஸ்பத்திரியில கிடக்கான். இதை நீங்க ருசுப்படுத்திக் குடுங்க. நாலு மணிக்கு எங்க குடும்பத்துப் பெரியவங்க கூடுறாங்க. கல்யாணத்துக்கு நாங்க வெச்ச ஜின் பாட்டிலைத் திருப்பி வாங்கிட்டா எங்க வழக்கப்படி பொண்டாட்டி உறவு அறுந்துது. அப்படியே போலீஸ்ல தள்ளிடுவோம்."

அவள் கண் சிவந்திருந்தது. அழுத கண்தான், நடிப்பில்லை. மடியில் ஒரு துணிப்பையை இறுக்கி வைத்திருந்தாள். அதிலிருந்து லேசாகக் கிராம்பு வாசனை வந்தது. அந்த அறையில் மனுஷன் முகர்கிற மாதிரி இருந்த ஒரே வாசனை அதுதான்.

பிராகோ ஒரு குச்சியை எடுத்து வாளிக்குள் கிளறினாள். ஈபோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன தெரியுது சொல்லு."

"என் அடுத்த வேளைச் சாப்பாடு போச்சுன்னு தெரியுது."

"ஈபோ!"

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். பல வருஷம் வேனில் கண்டக்டராக இருந்து ரோட்டோரத்தில் தின்றே வளர்ந்தவன். சாப்பாட்டு விஷயத்தில் அவன் கண் தப்பாது.

"காராமணி. சிவப்புச் சோறு. அது சேமியா. மேடம், இது வாச்சே! காராமணிச் சோறு."

"ஃபோஃபியே நடத்துற சாப்பாட்டுக் கடையில வாச்சே உண்டா?"

"அங்க ஃபுஃபுக் களியும் சூப்பும் மட்டும்தான். பத்து வருஷமா அதேதான்."

பிராகோ நிமிர்ந்தாள். "மாமே, உங்க தம்பி கடைசியா வாச்சே எப்ப சாப்பிட்டாரு?"

"சனிக்கிழமை. எங்க மாமா சாவு வீட்டுல. எல்லாருக்கும் பொட்டலம் குடுத்தாங்க. ஏன்?"

சனிக்கிழமை தின்ற காராமணி செவ்வாய்க்கிழமை முழுசாக வெளியே வந்திருக்கிறது. நடுவில் மூன்று நாள் அது எங்கே குடியிருந்தது? இன்னொன்றும் பிராகோவுக்கு உறுத்தியது. இவ்வளவு எடுத்தவன் கடைசியில் பித்தத்தைக் கக்கியிருக்க வேண்டும். மஞ்சளோ பச்சையோ ஒரு சொட்டுகூட வாளியில் இல்லை.

"மூடிடு" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வாளியையுமா?"

"நீ கேட்டதால சொல்றேன். வாளியையும்தான்."

*

டாக்டர் சலிஃபு வாளியைப் பார்த்ததும் ஜன்னலைத் திறந்தார். காராமணிக் கதையைக் கேட்டதும் சிரித்தார்.

"நான் படம் எடுத்துக் கண்டுபிடிச்சதை நீங்க குச்சியை விட்டே கண்டுபிடிச்சுட்டீங்க. இரைப்பைக்குக் கீழ ஒரு வாசல் இருக்கு. சாப்பாடு அது வழியாத்தான் குடலுக்கு இறங்கணும். பித்தம் ஊறுறது அந்த வாசலுக்கு அந்தப் பக்கம். இவருக்கு வாசல்கிட்ட புண்ணு வந்து, ஆறி, மறுபடி வந்து, தழும்பு சுருங்கிச் சுருங்கி வழியே அடைஞ்சுபோச்சு. உள்ள போனது இறங்கறதும் இல்ல, பித்தம் மேல வர்றதும் இல்ல. இடுப்பைப் பிடிச்சு ஆட்டினா பாதிக் குடம் தண்ணி மாதிரி சலக்குச் சலக்குன்னு சத்தம் கேக்குது."

ஈபோ தன் வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"அப்ப விஷம் இல்லையா?" என்றாள் பிராகோ.

"விஷம்னா ஒரு நாள் வேலை. இது ஒரு வருஷத்துக்கு மேல நடந்த வேலை. திங்கட்கிழமை அறுத்து வேற வழி வைக்கணும். அதுவரைக்கும் வாயில சொட்டுத் தண்ணிகூடக் கூடாது. மூக்குல குழாய் போட்டு வயித்துல தேங்குறதை எல்லாம் பைக்குள்ள இறக்கிட்டிருக்கோம்."

"புண்ணு எதனால வந்துச்சு?"

"அதுதான் எனக்கும் புரியல. வழக்கமா ஒரு கிருமி. சோதிச்சுட்டேன், இவர்கிட்ட இல்ல. அடுத்தது வலி மாத்திரை. நம்ம உடம்புல ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு ஊறுது. அதுக்கு ரெண்டு உத்தியோகம். அடிபட்ட இடத்துல வலியைக் கிளப்புறதும் அதுதான். இரைப்பைச் சுவருக்கு வழவழன்னு பூச்சு பூசி, நம்ம அமிலமே நம்மளை அரிக்காமப் பாத்துக்கறதும் அதுதான். வலி மாத்திரையை விடாம முழுங்கினா அது ஊறுறதே நின்னுபோகும். வலி போயிடும். கூடவே பூச்சும் போயிடும்."

"பேரு வாயில நுழையல டாக்டர்" என்றான் ஈபோ. "நான் வாட்ச்மேன்னு வெச்சுக்கறேன். ராத்திரி சத்தம் போடுறான்னு வாட்ச்மேனை அடிச்சுப் போட்டா வீடு அமைதியா இருக்கும். திருடன் நிம்மதியா வேலையைப் பாப்பான். சரிதானே?"

"என் மாணவர்களை விட நீங்க தேவலை. ஆனா இந்த மனுஷன் ஒரு மாத்திரைகூடத் தொட்டதில்லைன்னு அக்கா சத்தியம் பண்றாங்க, அவரும் பண்றாரு. நானும் வயித்துப் புண்ணுக்காக வலி மருந்து எதையும் குடுக்கல. பொறுமைசாலி. படுத்தே கிடக்காரு, உடம்பு வலின்னு ஒரு வார்த்தை சொல்லல."

பிராகோ வெளியே வந்து குழாயடியில் மூன்று தடவை கை கழுவினாள்.

*

ஃபோஃபியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அங்கேதான். வார்டு வாசலில் நாத்தனார் நிற்கவைத்த ஆட்கள் உள்ளே விடவில்லை. மடியில் புருஷனின் துவைத்து மடித்த துணிகள். அவளைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கொஞ்ச தூரம் தள்ளியே நடந்தார்கள்.

"உன் சமையல்கட்டுல மாத்திரை கிடைச்சதா உன் நாத்தனார் சொல்றா" என்றாள் பிராகோ எடுத்த எடுப்பில்.

ஃபோஃபியே தலையைக் குனிந்துகொண்டாள். "இருந்துச்சும்மா."

"எதுக்கு?"

"சூப்புல போடுற மாட்டுத்தோலு சீக்கிரம் வேகறதுக்கு. கரி விக்கிற விலையில மூணு மணி நேரம் எரிக்க முடியலம்மா. பாரசிட்டமால் நாலு போட்டா ஒரு மணியில வெந்துடும். எல்லாக் கடையிலயும் போடறாங்க."

ஈபோவின் முகம் வெளுத்தது. "அக்கா, உன் கடையில நான் வாரம் மூணு நாள் சாப்பிடறேன்!"

"தெரியும் தம்பி."

பிராகோவுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. போன வருஷம்வரை என்றால் அங்கேயே கடையைச் சீல் வைத்திருப்பாள். டாக்டரிடம் ஈபோவை ஓடவிட்டுக் கேட்டாள். ஈரலுக்குக் கேடு, தண்டனைக்குரிய அசிங்கம், ஆனால் வயிற்று வாசலை அடைக்கிற சாதி மாத்திரை அது இல்லை என்று பதில் வந்தது. அப்படியே இருந்தாலும், அந்தச் சூப்பைத் தின்ற ஊரில் பாதிப் பேர் இங்கே குழாயோடு படுத்திருக்க வேண்டும்.

"சரி, உன் புருஷன் இடுப்பு எப்படி? லாரிக்கு யாம் கிழங்கு மூட்டை ஏத்துற ஆளு. இடுப்பு வலி இல்லாம இருக்காதே."

"ஐயோ, முன்ன பயங்கர வலிம்மா. குனிஞ்சா நிமிர முடியாது. போன வருஷம் மழைக்கு முன்னாடி திடீர்னு சரியாப்போச்சு. இளவட்டம் மாதிரி மூட்டை தூக்கினாரு."

"என்ன மாத்திரை போட்டாரு?"

"மாத்திரையே போடலம்மா. லாரி ஸ்டாண்டுல பாட்டில்ல விக்கிற 'ஆறு வேர்' கஷாயம்தான் குடிச்சாரு. காலையில ரெண்டு மூடி, சாயங்காலம் ரெண்டு மூடி."

"இதை டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

ஃபோஃபியே நிஜமாகவே விழித்தாள். "அவரு மாத்திரை உண்டான்னுதானே கேட்டு விட்டாரு? அது வேருதானேம்மா."

பிராகோ நெற்றியில் அடித்துக்கொண்டாள். டாக்டர் கேட்டதும் சரி, இவர்கள் சொன்னதும் சத்தியம். அந்த ஊரில் வேர்த்தண்ணீரை மருந்து என்று யாரும் டாக்டரிடம் சொல்லமாட்டார்கள்.

மணி ஒன்றரை ஆகியிருந்தது.

*

சந்தை நாள். லாரி ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. நடுவில் ஒலிபெருக்கி கட்டிய மேஜை. அதன் மேல் காய்ந்த வேர்கள், ஒரு ஜாடிக்குள் செத்துப்போன பாம்பு, வரிசையாகப் பழுப்புப் பாட்டில்கள். பின்னால் வெள்ளைக் கோட்டில் டாக்டர் பிம்பொங். எந்தக் கல்லூரி அவனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது என்று யாரும் கேட்டதில்லை.

"இடுப்பு வலி! மூட்டு வலி! பொம்பளைங்க மாசக் குத்தல்! காய்ச்சல்! தலைவலி! எல்லாத்துக்கும் ஒரே ஆறு வேர்!"

"எதுக்குத்தான் கேக்காது?" என்றாள் பிராகோ.

"சக்களத்தி சண்டைக்கு மட்டும் கேக்காது தாயே!" கூட்டம் சிரித்தது. "ஐயா, நீங்க ஒரு மூடி பாருங்க, இலவசம்!"

ஒரே மூடி. முன்னால் குடித்தவன் நக்கி வைத்ததை அப்படியே ஊற்றி அடுத்தவன் வாயில் வைத்தான் பிம்பொங். பழைய பாட்டில்களை அவன் ஆள் ஒருவன் சாக்கடையை ஒட்டிய தொட்டியில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தான். தொட்டித் தண்ணீரில் ஏதோ ஒன்று நீந்தியது. பிராகோ கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

ஈபோ இரண்டு மூடி குடித்தான். வேவு பார்க்க வந்தவன் சந்தேகம் வராமல் நடந்துகொள்ள வேண்டுமாம்.

"எப்படி இருக்கு?"

"கசக்குது. கிராம்பு வாசனை. எவனோ மூக்குப்பொடி போட்டவன் எனக்கு முன்னாடி குடிச்சிருக்கான்."

"சொல்லாதே."

ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஸ்டாண்டிலும் சந்தையிலும் மூட்டை தூக்குகிற ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்தாள் பிராகோ. பத்துப் பேரில் ஏழு பேர் ஆறு வேர் ஆட்கள். அதில் நாலு பேருக்கு நெஞ்செரிச்சல். ஒருவன் கறுப்பாக மலம் போவதாக விவரமாகச் சொல்ல ஆரம்பித்தான். பிராகோ கையெடுத்துக் கும்பிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். எல்லாம் சரி. ஆனால் பாட்டிலுக்குள் வலி மாத்திரை இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? தலைநகரத்துக்கு அனுப்பிச் சோதித்து முடிவு வர ஒரு மாதமாகும். பெரியவர்கள் நாலு மணிக்கே கூடுகிறார்கள்.

"இவனை எனக்குத் தெரியும் மேடம்" என்றான் ஈபோ. பைக்கில் சாய்ந்துகொண்டு சுட்ட மக்காச்சோளம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தான். "எங்க வேன்ல ஏறுவான். இங்க ஏறினதும் ஆளுக்கு ஒரு மூடி இலவசம். கின்டாம்போ போக ஒரு மணி நேரம். அதுக்குள்ள கூனிக் கிடந்த பெருசுங்கல்லாம் நிமிந்து உக்காந்துடும். அப்பதான் பாட்டிலை விக்க எடுப்பான். முன்னாடி எடுக்கவே மாட்டான். கடிகாரம் வெச்ச மாதிரி."

பிராகோ அவனையே பார்த்தாள். வாயைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் கடிக்கிறே?"

"என்ன மேடம்?"

"சோளத்தை எந்தப் பக்கத்துல கடிக்கிறே?"

ஈபோவின் தாடை பாதியில் நின்றது. இரண்டு நாளாகக் கஞ்சியைத் தவிர வேறு எதையும் தொடவிடாத அந்த இடது கடைவாய்ப் பல், கல் மாதிரி சோளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது.

"வலி... இல்ல" என்றான் மெதுவாக.

"எப்ப நின்னுச்சு?"

"தெரியலையே. நீங்க கேக்குறவரைக்கும் பல்லு ஞாபகமே இல்ல." சோளத்தைக் கீழே போட்டான். "மேடம்! என் வாட்ச்மேனை அடிச்சுட்டான் மேடம்!"

"இடுப்பு, தலை, மாசக் குத்தல், இப்போ பல்லு. ஆறு வேருக்கு ஆறு விதமா வேலை செய்யத் தெரியாது. இது ஒரே வேலை. அவன் கிண்டறது வேரு இல்ல, அரைச்ச மாத்திரை."

"ஜெயிச்சுட்டோம்! ஃபோஃபியே அக்கா தப்பிச்சா."

பிராகோ சந்தோஷப்படவில்லை. டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை அவள் மண்டைக்குள் குடைந்தது. பொறுமைசாலி.

"ஈபோ, மூட்டை தூக்கி இடுப்பு ஒடிஞ்ச ஆளு. செவ்வாய்க்கிழமையோட ஆறு வேர் நின்னுபோச்சு. வலி மருந்தும் கிடையாது. ஆஸ்பத்திரி இரும்புக் கட்டில்ல மூணு நாள் அசையாமக் கிடக்கான். இடுப்பு வலிக்குதுன்னு ஒரு முனகல்கூட இல்லையே, எப்படி?"

ஈபோ பைக்கை உதைத்தான்.

*

வார்டில் கடைசிக் கட்டில். அஜேய் பாடு கண்ணை மூடி நிம்மதியாகப் படுத்திருந்தான். மூக்கிலிருந்து போன குழாய், கட்டிலில் தொங்கிய பையில் முடிந்தது. பையில் கறுப்பும் பழுப்புமாக ஏதோ தேங்கியிருந்தது. பழைய வயிற்றுக் கசண்டு என்று நர்சுகள் மூன்று நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூலில் மாமே தாவியா, மடியில் அதே துணிப்பை.

பிராகோ குனிந்தாள். தன்னையே சபித்துக்கொண்டு அந்தப் பையின் வாயைத் திறந்து முகர்ந்தாள். நாற்றத்தோடு கூடவே அது வந்தது.

கிராம்பு.

அவள் நிமிர்ந்து மாமே தாவியாவின் மடியிலிருந்த பையை எடுத்தாள். உள்ளே பழுப்புப் பாட்டில். முக்கால்வாசி காலி.

"வாயில சொட்டுத் தண்ணி கூடாதுன்னு சொன்னாங்களே மாமே."

"தண்ணி குடுக்கலையே! விஷத்தை முறிக்க வேரு குடுத்தேன். நர்சுங்க அந்தப் பக்கம் போனதும் ரெண்டு மூடி. பாருங்க, என் தம்பி வலியில்லாமத் தூங்கறான்! அவ வெச்சதை என் கையாலதான் எடுக்கறேன்."

"அவ ஒண்ணும் வைக்கல. ஒரு வருஷமா இவன் வயித்தைப் புண்ணாக்கினது இந்தப் பாட்டில். உள்ள இருக்கிறது வலி மாத்திரை. மூணு நாளா அந்தப் புண்ணு மேலயே நீங்க ஊத்திட்டிருக்கீங்க. அதுல கறுப்பாத் தெரியறது உங்க தம்பி ரத்தம்."

மாமே தாவியா பையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். ஸ்டூலிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உங்களைக் கூட்டிட்டு வந்தது நான், என்னையே..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. அந்தப் பாசம் நிஜம்தான். அதனால்தான் பிராகோவுக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை.

ஈபோ டாக்டரைக் கூப்பிட ஓடினான். பிராகோ கட்டில் பக்கம் திரும்பியபோது அஜேய் பாடு கண்ணைத் திறந்திருந்தான்.

"அக்காவைத் திட்டாதீங்க" என்றான், குழாய்க்கு இடையில், கரகரத்த குரலில். "நான்தான் கேட்டேன்."

"பேச முடியுதா உனக்கு?"

"முடியும்."

"உன் பொண்டாட்டி விஷம் வெச்சான்னு ஊரே பேசுது. காதுல விழுந்துச்சா?"

"ம்."

"அவ வைக்கலைன்னு உனக்குத் தெரியும். உனக்கு அதுக்கு முன்னாடியே வாந்தி இருந்திருக்கணுமே?"

"ரெண்டு மாசமா. ஸ்டாண்டுப் பக்கம் போய் ஒதுங்கிக் கக்கிட்டு வருவேன். யாருக்கும் தெரியாது."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

அவன் மேலே விட்டத்தைப் பார்த்தான். "வாந்தியைச் சொன்னா வேரைச் சொல்லணும். சொன்னா நிறுத்திடுவாங்க. அந்த இடுப்பு வலி உங்களுக்குத் தெரியாதும்மா. ரெண்டு நாளு கழிச்சுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"அவளைப் போலீஸ்ல விட்டப்புறமா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அன்றைக்குப் பிராகோ ஒரு வாளியைக் கிளறியிருந்தாள், ஒரு பையை முகர்ந்திருந்தாள். அந்த இரண்டும் கை கழுவினால் போய்விடும். இதற்கு எந்தக் குழாயடியும் போதாது என்று தோன்றியது. திரும்பினாள். ஃபோஃபியே அவளுக்குப் பின்னால், கட்டிலிலிருந்து நாலடி தூரத்தில் நின்றிருந்தாள். டாக்டரைக் கூப்பிட ஓடிய ஈபோ, போகிற போக்கில் நல்ல சேதி சொல்லி அவளை உள்ளே அனுப்பியிருக்கிறான். வாசலில் நின்றவர்களும் இந்தமுறை தடுக்கவில்லை.

டாக்டர் சலிஃபு வேகமாக வந்து பையைத் தூக்கிப் பார்த்தார். பாட்டிலை முகர்ந்தார். இந்த மாத்திரை ரத்தத்தை உறையவிடாது, இது தெரியாமல் திங்கட்கிழமை அறுத்திருந்தால் ரத்தம் நின்றே இருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசி எடுத்து வரச்சொன்னார். பிழைத்துக்கொள்வான் என்றார். ஃபோஃபியே அதையும் கேட்டாள். மடித்த துணிகளைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

பிராகோ வராந்தாவில் அவளைப் பிடித்தாள்.

"மூணு நாளும் அவருக்குப் பேச முடிஞ்சுதாம்மா?" என்றாள் ஃபோஃபியே.

"முடிஞ்சுது."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க ஒன்றும் இல்லை. ஈபோ பல்லைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வலி திரும்ப ஆரம்பித்திருந்தது.

"அக்கா, இனிமே பயம் இல்ல. நாலு மணிக் கூட்டத்தை நான் போய் நிறுத்திடறேன். பெரியவங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"வேண்டாம் தம்பி. கூடட்டும். எல்லாரும் ஒரே இடத்துல இருக்கிறது நல்லதுதான்." ஃபோஃபியே மேல்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "என்னைப் பொண்ணு கேட்டு அவங்க ஒரு ஜின் பாட்டில் வெச்சாங்க. அதுக்கு ஈடா ஒண்ணை நான் அவங்க முன்னாடி திருப்பி வைக்கணும். இங்க பக்கத்துல எங்க கிடைக்கும்?"

ஈபோ பிராகோவைப் பார்த்தான்.

மணி மூன்றேகால். பிராகோ பைக் சாவியை அவன் கையில் வைத்தாள்.

"கூட்டிட்டுப் போ" என்றாள். "சீல் உடையாத பாட்டிலாப் பாத்து வாங்கு."